புற்றுநோயாளி திடீரென்று குழம்பிப் பேசினால் ரத்தக் கால்சியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த இழையை ஒரே காரணத்துக்காகத் தொடங்குகிறேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவர் சில நாட்களாக எந்நேரமும் தூங்குகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், மகனைத் தம்பி என்று அழைக்கிறார் என்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு “தலைக்கு ஏறிவிட்டது” என்பதுதான். தலைக்கு சி.டி. எடுக்கிறார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மீது பழி விழுகிறது. மார்ஃபின் எடுக்காதவர் என்றால் வயதின் மீது. இத்தனைக்கும் நடுவில் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று யாரும் கேட்காமலே போகும் வீடுகளையும் வார்டுகளையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சரிசெய்யக்கூடிய ஒரு குழப்பம், கடைசிக் கட்டம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. எனக்குத் தாங்காதது அதுதான்.

ரத்தக் கால்சியம் வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். 12 வரை லேசான ஏற்றம், 12 முதல் 14 வரை நடுத்தரம், 14ஐத் தாண்டினால் கடுமை என்று பிரிப்பது வழக்கம். ஆனால் எண்ணைவிட ஏறிய வேகம் முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல 13ஐத் தொட்டவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஒரே வாரத்தில் 13க்குப் போன முதியவர் கண் திறக்க மாட்டார்.

ஏன் ஏறுகிறது? பெரும்பாலும் கட்டியே ஒரு புரதத்தைச் சுரக்கிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்ளும் புரதம் அது. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு அனுப்பும். சிறுநீரகம் அதை வெளியேற்றாதபடியும் தடுக்கும். கட்டி இப்படி ஒன்றைச் சுரக்கக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941லேயே ஊகித்தார். அந்தப் புரதம் கையில் கிடைத்தது 1987ல். புற்றுநோயால் கால்சியம் ஏறுபவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். வாய், தொண்டை, நுரையீரல், சிறுநீரகப் புற்றுகளில் இதை அதிகம் பார்க்கிறோம். நோய் எலும்புக்குப் பரவாமலே கால்சியம் ஏறலாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். “எலும்பு ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, எனவே கால்சியம் பார்க்க வேண்டாம்” என்ற வாதம் நிற்காது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, எலும்பில் இறங்கிய புற்று அந்த இடத்திலேயே எலும்பை அரிக்கிறது. மார்பகப் புற்றும், எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றும் இதற்குப் பேர்போனவை. லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுகள் சில, வைட்டமின் டியின் செயல்வடிவத்தை மிகையாக உண்டாக்கி வேறொரு பாதையில் கால்சியத்தை ஏற்றுகின்றன.

அனுபவமுள்ளவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவத் துறையினர் எல்லோரும் எழுதுங்கள்.

நெய்தல்

டாக்டரம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்குகிறது. அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து சில மாதங்கள் நன்றாக இருந்தார். இப்போது கழுத்தில் மீண்டும் வீக்கம். கடந்த வாரத்திலிருந்து பகலெல்லாம் தூக்கம். எழுப்பினால் எரிச்சலோடு ஏதோ சொல்கிறார், வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. மலச்சிக்கல், குமட்டல். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இரவில் பல முறை சிறுநீர் கழிக்கிறார். மார்ஃபின் அதிகம் என்று அளவைக் குறைத்தார்கள்; தூக்கம் குறையவில்லை, வலிதான் கூடியது. பக்கத்து வீட்டு அத்தை உடம்புக்குத் தெம்பு என்று கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதையும் கொடுத்து வருகிறோம். நாளை மறுநாள் புறநோயாளர் பிரிவில் சீட்டு இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

பொருநை

காத்திருக்க வேண்டாம், அம்மா. இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கால்சியம் மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். வைட்டமின் டி பொட்டலம், மாத்திரை ஏதேனும் கொடுத்துவந்தால் அதையும் நிறுத்திவிட்டு அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்ஃபினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அங்கே போனதும் தெளிவாக இப்படிச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கு ஒரு வாரமாகக் குழப்பமும் தூக்கமும் இருக்கிறது. தாகமும் சிறுநீரும் அதிகம். கால்சியம், அல்புமின், சோடியம், கிரியேட்டினின், சர்க்கரை பார்த்துவிடுங்கள்.” கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண். படித்தவர் போலக் கேட்கிறாரே என்று யாரும் நினைத்தாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். தூக்கம், குமட்டல், மலச்சிக்கல் மூன்றும் மார்ஃபினாலும் வரும், கால்சியத்தாலும் வரும். அதனால்தான் ஏமாறுகிறோம். ஆனால் மார்ஃபின் தாகத்தோடு குடம் குடமாகச் சிறுநீர் போக வைப்பதில்லை. சிறுநீர் கழிப்பதைச் சிரமமாக்குவதுதான் அதன் வழக்கம். மார்ஃபின் மிகும்போது கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மூச்சு மெதுவாகும், கைகால் திடீர் திடீரென்று துள்ளும். மாறாத அளவில் வாரக்கணக்காக மார்ஃபின் எடுத்துத் தெளிவாக இருந்தவர் திடீரென்று மயங்கினால், புதிதாக வேறேதோ சேர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். சில சமயம் அந்த வேறேதோ கால்சியம்தான்: அது சிறுநீரகத்தைக் கெடுக்க, வெளியேற வேண்டிய மார்ஃபின் கழிவுகள் உடலில் தங்க, இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்க்கின்றன.

ஆய்வகன்

ஆய்வக நுட்பநராக இருக்கிறேன். மருத்துவர் சொன்ன பட்டியலில் அல்புமினை யாரும் விட்டுவிட வேண்டாம். ரத்தத்திலுள்ள கால்சியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. நரம்பைத் தொடுவது ஒட்டாமல் இருக்கும் பகுதிதான். சாப்பிட முடியாமல் மெலிந்த நோயாளிக்கு அல்புமின் குறைந்திருக்கும். அப்போது மொத்தக் கால்சியம் நல்லபடி இருப்பதாக அறிக்கை காட்டும், உள்ளே நிலைமை வேறாக இருக்கும்.

கணக்கு எளிது. அல்புமின் (டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கில்) 4ஐவிட எவ்வளவு குறைகிறதோ அதை 0.8ஆல் பெருக்கி, வந்த கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அறிக்கையில் கால்சியம் 10.4, அல்புமின் 2.0 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளி குறைவு, அதற்கு 1.6, ஆக 12.0. அறிக்கையில் 10.4க்கு அருகில் எந்தக் குறியும் இராது, ஏனென்றால் அச்சிட்ட வரம்புக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கும் தோராயமானதே. வசதியுள்ள இடத்தில் அயனிக் கால்சியத்தை, அதாவது புரதத்தோடு ஒட்டாத அந்தப் பகுதியை, நேரடியாக அளப்பது மேல். ரத்த வாயுப் பரிசோதனைக் கருவிகள் பலவற்றில் அது கூடவே கிடைக்கிறது.

கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி ரத்தம் எடுத்தால் கால்சியம் கூடுதலாகக் காட்டும். மைலோமா நோயாளிகள் சிலருக்கு அந்த நோயின் புரதமே கால்சியத்தைப் பிடித்துவைத்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும். சந்தேகம் வந்தால் அயனிக் கால்சியம்தான் தீர்ப்பு சொல்லும்.

மூன்றாமாண்டு

மருத்துவக் கல்லூரி மாணவன். எனக்கு ஒரு குழப்பம், ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நரம்பு முனையில் செய்தி தாண்டுவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும் என்று படிக்கிறோம். அப்படியென்றால் கால்சியம் ஏறும்போது மூளை பரபரப்பாக அல்லவா ஆக வேண்டும்? ஏன் மந்தமாகிறது?

பொருநை

நல்ல கேள்வி, தம்பி. செல்லுக்கு வெளியே கால்சியம் மிகும்போது அது நரம்புச் சவ்வின் மேற்பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டத்தை மறைத்துவிடுகிறது. நரம்பைத் தூண்டும் சோடியம் உள்ளே நுழையும் வழிகள் திறப்பதற்குத் தேவையான வரம்பு உயர்கிறது, வாசற்படியை உயர்த்திக் கட்டியது போல. முன்பு தாண்டிய தூண்டல் இப்போது தாண்டுவதில்லை. எப்போதும் சிறிது கசிந்துகொண்டிருக்கும் சோடியமும் கட்டுப்படுகிறது. அதனால் நரம்பும் தசையும் ஒருசேரச் சோம்புகின்றன: சோர்வு, கவனம் நிற்காமை, மனத்தளர்ச்சி, பிறகு குழப்பம், அரைமயக்கம், முழு மயக்கம். தொடையிலும் தோளிலும் வலுவில்லாமல் எழுந்து நிற்க முடியாது. முழங்காலைத் தட்டினால் அனிச்சை குறைந்திருக்கும். எதிர்ப்பக்கம் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கால்சியம் குறைந்தவருக்குத்தான் விரல்கள் இழுத்துக்கொள்கின்றன, உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிறது, வலிப்பு வருகிறது.

ஆனாலும் கால்சியம் ஏறியவருக்கு வலிப்பே வராது என்று எழுதிவிடாதே. அரிதாக வருகிறது. மூளையின் பின்பகுதியில் தற்காலிக வீக்கம் உண்டாகி, தலைவலியும் பார்வை மங்கலும் வலிப்புமாக வந்து, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்து, கால்சியம் இறங்கியதும் சரியான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. மூளை ரத்தக்குழாய்கள் சுருங்குவதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால் பொதுவாக அலைகள் மெதுவாகியிருக்கும். கல்லீரல் செயலிழப்பில் பார்க்கும் மும்முனை அலைகள் இங்கேயும் தெரியலாம். அதனால் அந்த அலைகளை வைத்து மட்டும் கல்லீரல் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒருபக்கக் கைகால் மட்டும் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, கால்சியம் 14 என்று வந்தாலும் தலையை ஸ்கேன் செய். இரண்டும் ஒரே நோயாளியிடம் இருக்கலாம். குழப்பத்துக்குச் சோடியம் குறைவு, சர்க்கரைக் குறைவு, தொற்று, ஸ்டீராய்டு என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. கால்சியமும் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

வார்டுச்செவிலி

புற்றுநோய் வார்டில் நீண்ட காலமாகச் செவிலியாக இருக்கிறேன். மயக்கத்துக்கு முன்பே சிறு அடையாளங்கள் தெரியும், அதை முதலில் பார்ப்பவர்கள் கூட இருப்பவர்கள்தான். பேப்பர் படிப்பவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கைபேசியில் எண்ணை அழுத்தத் தெரியாமல் திகைப்பார். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் மாற்றச் சொல்ல மாட்டார். “அமைதியாகிவிட்டார்” என்று உறவினர் சொல்வார்கள். கத்திக் கலாட்டா செய்யும் நோயாளியை எல்லோரும் கவனிக்கிறார்கள், அமைதியாகக் குழம்பும் நோயாளியை யாரும் கவனிப்பதில்லை. நான் வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். ஞாயிறு, சனி என்று தொடங்கி நடுவில் நின்றுவிட்டால் டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

கால் வலுவிழந்திருப்பதால் கழிப்பறைக்குப் போகும்போது விழுவார்கள். எலும்பில் நோய் இறங்கியவர் விழுந்தால் எலும்பு எளிதில் முறியும். இரவில் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும்.

எளியவன்

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அண்ணன் நுரையீரல் புற்றுநோயில் போனார். கடைசி நாட்களில் கால்சியம் ஏறியிருக்கிறது என்று மீண்டும் மீண்டும் ஊசி குத்தினார்கள், டிரிப் ஏற்றினார்கள். கை முழுவதும் நீலம். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே மருத்துவமனையில் இறந்தார். அவரை அப்படியே தூங்க விட்டிருக்கலாமே? எல்லா எண்ணையும் சரிசெய்தே ஆக வேண்டுமா?

கருங்குயில்

ஐயா, நீங்கள் கேட்டதில் கோபிக்க என்ன இருக்கிறது? நோய்த்தணிப்புப் பிரிவில் மருத்துவராக இருக்கும் எங்களுக்கு இதுதான் தினசரிக் கேள்வி. புற்றுநோயில் கால்சியம் ஏறுவது பெரும்பாலும் நோய் முற்றியதன் அடையாளம். பலருக்கு மிஞ்சியிருப்பது வாரங்கள் அல்லது சில மாதங்களே. கால்சியத்தை இறக்குவதால் மட்டும் ஆயுள் நீளுவதில்லை. அடிப்படை நோய்க்குச் சிகிச்சை பலித்தால்தான் அது நடக்கும். சிகிச்சை வழிகள் எல்லாம் முடிந்து, உடல் அடங்கிக்கொண்டிருக்கும்போது, கால்சியத்தைத் தொடாமல் வலியையும் குமட்டலையும் பதற்றத்தையும் மட்டும் தணித்து வீட்டுக்கு அனுப்புவது நல்ல மருத்துவம். உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகக் கேட்டபோது அவரை அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் பொருநை அம்மா சொல்வதை இதற்கு எதிராக நிறுத்த மாட்டேன். கால்சியத்தைப் பார்ப்பது வேறு, அதற்குச் சிகிச்சை கொடுத்தே தீருவது வேறு. பார்த்துத் தெரிந்துகொண்டு “வேண்டாம்” என்று முடிவெடுப்பது குடும்பத்தின் உரிமை. பார்க்காமலே “முடிந்துவிட்டது” என்று சொல்லும்போது அந்த உரிமை பறிபோகிறது. இன்னொன்றும் உண்டு. சில வாரங்களே மிஞ்சியவர்கூட அந்த வாரங்களில் தெளிவாக இருக்க விரும்பலாம். பத்திரத்தில் கையெழுத்து, மகளிடம் ஒரு வார்த்தை, மன்னிப்பு கேட்க வேண்டியவரிடம் மன்னிப்பு. ஒரு முறை டிரிப், ஒரு முறை மருந்து என்ற அளவில் அந்தத் தெளிவு கிடைக்குமென்றால் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். புதிதாக நோய் தெரிந்து, சிகிச்சையே தொடங்காதவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். மைலோமா நோயாளிகள் பலர் கால்சியக் குழப்பத்தோடுதான் முதன்முதலில் வந்து சேர்கிறார்கள், சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்.

எளியவன்

நன்றி டாக்டர். “பார்ப்பது வேறு” என்று எங்களிடம் அன்று யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால் நாங்களே முடிவெடுத்திருப்போம். இருந்தாலும், பரிசோதனை கையில் வந்த பிறகு “வேண்டாம்” என்று சொல்லும் துணிவு எத்தனை குடும்பங்களுக்கு இருக்கும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நெய்தல்

அப்பாவைச் சேர்த்துவிட்டோம். கால்சியம் 12.6, அல்புமின் 2.4. ஆய்வகன் அண்ணா சொன்ன கணக்கைப் போட்டேன், 13.9 வருகிறது. கிரியேட்டினினும் கூடியிருக்கிறதாம். சலைன் ஓடுகிறது. ஏதோ ஊசியைத் தோலுக்கு அடியில் போடுகிறார்கள், இன்னொரு மருந்தை டிரிப்பில் கொடுக்கப் போகிறார்களாம். அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கிறார். எப்போது தெளிவார்? பால், கேழ்வரகுக் கூழ் எல்லாவற்றையும் அம்மா நிறுத்திவிட்டார். அது சரியா?

பொருநை

சரியான இடத்துக்குப் போய்விட்டீர்கள், அம்மா. கால்சியம் மிகும்போது சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது. உடல் வறள்கிறது. வறண்ட உடலில் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், அதோடு கால்சியமும் திரும்ப உள்ளே வரும். இந்தச் சுழலை அறுப்பதுதான் சலைன். இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சு திணறுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும்.

தோலுக்கு அடியில் போடுவது கால்சிடோனினாக இருக்கும். சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், ஆனால் இரண்டு நாட்களில் அதன் பலன் மங்கிவிடும். டிரிப்பில் வரப்போவது பெரும்பாலும் சோலெட்ரானிக் ஆசிட், 4 மில்லிகிராம், குறைந்தது 15 நிமிடம் ஓட வேண்டும். எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்குகிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும், பிறகு வாரக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அப்பாவின் கிரியேட்டினின் கூடியிருப்பதால் மருத்துவர்கள் யோசித்து முடிவெடுப்பார்கள். சிறுநீரகம் தாங்காது என்றால் டெனோசுமாப் என்ற மாற்று மருந்து இருக்கிறது. லிம்ஃபோமா வகை என்றால் ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும். மிகக் கடுமையாகி, சிறுநீரகமும் கைவிட்டால் டயாலிசிஸ்.

தெளிவது பற்றி: அறிக்கையில் எண் இறங்கிய அன்றே அப்பா எழுந்து பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வயதானவர்களுக்கு மூளை சில நாட்கள் பின்தங்கியே வரும். எண் நல்லபடி வந்து ஒரு வாரமாகியும் மாற்றமே இல்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பால், கேழ்வரகு பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: இது சாப்பாட்டிலிருந்து வந்த கால்சியம் இல்லை, எலும்பிலிருந்து வந்தது. அப்பாவின் வகையில் பாலை நிறுத்துவதால் பெரிய பலன் எதுவும் இல்லை. மெலிந்த உடம்பு. முழுதாகத் தெளிந்து, விழுங்க முடிந்த பிறகு, பிடித்ததைக் கொடுக்கலாம். லிம்ஃபோமா போல வைட்டமின் டி வழியில் ஏறும்போது மட்டும் கட்டுப்பாடு தேவைப்படும்.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், லண்டனில் மருத்துவமனை மருந்தாளராக வேலை. வெளிநாட்டு அறிக்கைகளை ஊருக்கு அனுப்புபவர்களுக்காக ஒன்று. இங்கே கால்சியத்தை மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள், வழக்கமான அளவு 2.2 முதல் 2.6 வரை. அதை 4ஆல் பெருக்கினால் உங்கள் கணக்கு வரும். 3.4 என்று பார்த்து “மிகக் குறைவு” என்று நினைத்துக் கால்சியம் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அது 13.6.

மருந்துப் பையை முழுவதுமாக மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை நீர்மாத்திரை கால்சியத்தை உயர்த்தும். லித்தியமும் அப்படியே. இதயத்துக்கு டிகாக்ஸின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கால்சியம் ஏறினால் உடனே ஃப்ருசமைடு என்ற சிறுநீர் போக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். வறண்ட உடம்பை அது மேலும் வறளச் செய்வதால், நீர் மிகுந்து மூச்சு திணறும்போது மட்டுமே இப்போது தருகிறார்கள்.

மூன்றாமாண்டு

கடைசியாக ஒன்று. சோலெட்ரானிக் ஆசிடோ டெனோசுமாபோ கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்?

வல்லைவெளி

இரண்டு திசையிலும் கவனிக்க வேண்டும், தம்பி. கட்டி அப்படியே இருந்தால் சில வாரங்களில் கால்சியம் மீண்டும் ஏறும். தாகமும் தூக்கமும் திரும்பினால் அன்றே பரிசோதனை. மறுபக்கம், கால்சியம் மிகவும் இறங்கிவிடவும் கூடும். வைட்டமின் டி ஏற்கெனவே குறைந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டெனோசுமாபுக்குப் பின் இது அதிகம். உதடும் விரல்நுனியும் மரத்து, கை இழுத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சோலெட்ரானிக் போட்ட மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அது பெரும்பாலும் மருந்தின் விளைவு, ஓரிரு நாட்களில் அடங்கும். ஆனால் கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் தொற்று இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே பல் மருத்துவரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து இரட்டிப்புக் கவலை.

பொருநை

இதோடு ஒரு வரி: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த கால்சியம், அல்புமின் பரிசோதனை எந்தத் தேதியில் என்று வெளியேற்றச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெய்தல், அப்பாவின் சீட்டில் அது இல்லையென்றால் நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டு எழுதி வாங்குங்கள்.